வைப்பாற்றின் அழுக்கு: தடம் யார் வாசலில் நிற்கிறது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடல் கிடையாது. மேற்கே மலை, கிழக்கே கரிசல். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் இந்த இரண்டு ஊர்களின் தண்ணீருக்குக் கடலுக்குப் போகும் வழி தெரியும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய் கண்மாயாக நிரம்பி, மறுகால் பாய்ந்து, வைப்பாற்றை நோக்கிப் போகின்றன. அர்ச்சுனா நதி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. அங்கிருந்து விளாத்திகுளத்தைத் தாண்டி, சிப்பிகுளம் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது வைப்பாறு.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அல்ல இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால்தான் ஓடும். ஓடும்போது மலைத்தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை. ஊர்ச் சாக்கடையில் தேங்கியது, செப்டிக் டேங்க் லாரி இரவில் ஓடையில் திறந்துவிட்டது, கண்மாய்க் கரையின் சீமைக் கருவேலம் புதருக்குள் கிடந்தது என எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்.

கடல்நீரில் மலம் கலந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது இன்று தனி அறிவியல். கரையிலிருந்து கழிமுகத்துக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு, சாக்கடைக்கு, தெருவுக்கு, வீட்டுக்கு, கடைசியில் ஓர் உடலுக்கு என்று மேல்நோக்கிப் போகும் தேடல் அது. அந்தத் தேடலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. அதைப் பெண்களின் பக்கமிருந்து படித்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: தேடல் எந்த இடத்தில் நின்றது? அங்கே நிற்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

லண்டனிலிருந்து தொடங்கலாம். 1854ஆம் ஆண்டு பிராட் தெருவில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெருமுனைக் குழாயடியின் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டியதும், அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டதும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. அந்தக் கிணற்றில் நோய் எப்படிச் சேர்ந்தது என்பதை அடுத்த ஆண்டு கண்டறிந்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார். கிணற்றை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்திருந்தது. குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு முன்னிருந்த கழிவுக்குழியில் ஊற்றியிருந்தாள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே சுமார் 3 அடிதான் இருந்தது.

வரலாற்றில் இந்தத் தாய்க்குக் கிடைத்த இடம் ‘முதல் நோயாளியின் அம்மா’ என்பது. ஆனால் குழியைத் தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது வேறொன்று. அதன் செங்கல் கட்டுமானம் இற்றுப்போய், கழிவு கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. கிணற்றின் பக்கத்தில் குழி வெட்டியதும் அதைப் பழுது பார்க்காமல் விட்டதும் அவள் வேலை அல்ல. பிள்ளைத் துணி அலசியதுதான் அவள் வேலை. அதை ஊற்ற வேறு இடம் யாரும் அவளுக்குக் கட்டிக் கொடுக்கவில்லை.

இதே காலத்தில்தான் நகரங்கள் தங்கள் மலத்தைக் குழாய் வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் அனுப்பக் கற்றுக்கொண்டன. ஊருக்குள் நாற்றம் குறைந்தது, கரையோரத்தில் கூடியது. இனி தண்ணீரைப் பார்த்தே அதில் மனிதக் கழிவு இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய தேவை வந்தது. அந்தத் தேவைக்குப் பெரிய அளவில் விடை தந்தவர் ஒரு பெண்.

எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873இல் பட்டம் பெற்றவர். அங்கே படிக்க இடம் கிடைத்த முதல் பெண் அவர்தான். 1887இல் மாநிலச் சுகாதார வாரியம் மாசசூசெட்ஸ் முழுவதும் ஆறு, ஏரி, கிணறுகளைச் சோதிக்க முடிவு செய்தபோது, ஆயிரக்கணக்கான மாதிரிகள் அவருடைய சோதனைக்கூடத்துக்கு வந்தன. அவர் பார்த்த பொருள்களில் ஒன்று குளோரைடு, அதாவது உப்பு. மனிதச் சிறுநீரில் உப்பு உண்டு. மண்ணில் வடிந்தாலும் அது போகாது. ஆனால் கடற்கரை மாநிலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து தண்ணீரில் சேர்க்கும். கிணற்றில் இருக்கும் உப்பு கடல் தந்ததா, கக்கூஸ் தந்ததா?

அழுக்குப் படாத நீர்நிலைகளில் இயல்பாக எவ்வளவு உப்பு இருக்கிறது என்று இடம் இடமாக அளந்தார்கள். கடலோரத்தில் கூடுதலாகவும், உள்ளே போகப்போகக் குறைந்தும் இருந்தது. ஒரே அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து வரைபடம் போட்டார்கள். ஓரிடத்துத் தண்ணீரில் அந்த இடத்துக்கு உரிய அளவைவிட உப்பு கூடுதலாக இருந்தால், மேலே எங்கோ மனிதக் கழிவு கலக்கிறது என்று பொருள். எளிமையான, வலுவான வழி அது. அந்த வரைபடம் எந்த வீட்டையும் எந்தப் பெண்ணையும் சுட்டவில்லை. ஊரையும் வாய்க்காலையும் சுட்டியது. திருத்த வேண்டியது அரசாங்கத்தின் வேலை என்று சொன்னது. 1911இல் இறக்கும்வரை ரிச்சர்ட்ஸ் அந்தக் கல்விக்கூடத்தில் பயிற்றுநராகவே இருந்தார். பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை.

உப்புக்கு அடுத்து வந்தது நுண்ணுயிர். 1885இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிச், கைக்குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். இன்று நாம் ஈ.கோலி என்று சொல்வது அதுதான். தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்ற அளவுகோல் உருவானது. இங்கிலாந்தில் அந்த பாக்டீரியா எங்கெங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தவர்களில் ஹாரியட் சிக் ஒருவர். 1905இல் அவர் லிஸ்டர் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கும் முட்டாள்தனத்தைச் செய்ய வேண்டாமென்று அங்கிருந்த இருவர் இயக்குநரைக் கேட்டுக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில், கிருமிநாசினி நேரத்தோடு எந்த விகிதத்தில் கிருமிகளைக் கொல்கிறது என்ற கணக்கை அவர் வெளியிட்டார். தண்ணீரைச் சுத்திகரிக்கும் பொறியாளர்கள் இன்றும் அதை ‘சிக் விதி’ என்றுதான் படிக்கிறார்கள்.

இந்த அளவுகோல் நம் ஊருக்கும் வந்தது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனத்தில் பணியாற்றிய கிளெமெஷா, வெப்பநாட்டு ஏரி, ஆறுகளின் நுண்ணுயிர்கள் பற்றி 1912இல் ஒரு நூல் வெளியிட்டார். இங்குள்ள வெயிலில் மல பாக்டீரியாக்கள் சில சீக்கிரம் சாகின்றன, சில தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே ஐரோப்பிய அளவுகோலை அப்படியே இங்கே வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். அளவுகோலுக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஈ.கோலி மனிதர் வயிற்றிலும் இருக்கும், மாட்டின் வயிற்றிலும் இருக்கும். மலம் இருக்கிறது என்று அது சொல்லும். யாருடையது என்று சொல்லாது.

யாருடையது என்ற கேள்வி ஓர் உடல்வரை போய்ச் சேர்ந்த நிகழ்ச்சி 1906இல் நியூயார்க் அருகே, ஆய்ஸ்டர் பே என்ற கடலோர ஊரில் நடந்தது. ஒரு வங்கி முதலாளி கோடைக்கு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. விசாரிக்க வந்த ஜார்ஜ் சோப்பர் முதலில் சந்தேகப்பட்டது கடலை. சாக்கடை கலந்த நீரில் எடுத்த மட்டிகளைத் தின்றதால் வந்திருக்குமோ என்று நினைத்தார். அந்த மட்டிகளை விற்றவள் கடற்கரையில் குடியிருந்த ஒரு செவ்விந்தியப் பெண். அந்தக் கணக்கு பொருந்தாமல் போகவே, சோப்பரின் கவனம் சமையல்கட்டுக்குத் திரும்பியது. அங்கே சமைத்தவர் மேரி மாலன், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெண். அவருக்கு நோயின் அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் அவர் மலத்தில் டைபாய்டு கிருமி இருந்தது.

மேரியைப் போலீசோடு போய்ப் பிடித்து வண்டியில் ஏற்றியவரும் ஒரு பெண்தான். டாக்டர் ஜோசபின் பேக்கர், பிற்காலத்தில் நியூயார்க்கின் ஏழைக் குழந்தைகளின் உயிரைக் காத்த பணிக்காகக் கொண்டாடப்பட்டவர். படித்த பெண் ஒருத்தி, உழைக்கும் பெண் ஒருத்தியின் மலத்தைக் கேட்டு வாசலில் நிற்கும் காட்சியைப் பெண்ணிய வரலாறு தாண்டிப்போக முடியாது. மேரி 1907 முதல் 1910 வரையும், மறுபடி சமையல் வேலைக்குப் போனது தெரிந்தபின் 1915 முதல் 1938இல் இறக்கும்வரையும் ஒரு தீவில் வைக்கப்பட்டார். மொத்தம் சுமார் 26 ஆண்டுகள். அதே நகரத்தில் நூற்றுக்கணக்கான டைபாய்டு சுமப்பவர்கள் பின்னர் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களில் ஆண்களும் இருந்தார்கள், உணவுத் தொழில் செய்தவர்களும் இருந்தார்கள். யாரையும் இப்படி ஆயுளுக்கும் அடைத்து வைக்கவில்லை. கிருமி இருந்தது உண்மை, நோய் பரவியது உண்மை. ஆனால் சமைத்துப் பிழைக்கும் ஒருத்தியிடம் ‘சமைக்காதே’ என்று சொன்னவர்கள், அவள் பிழைக்க நிலையான வேறு வழி செய்து தரவில்லை.

தேடலை இன்னும் நுணுக்கமாக்கிய ஒரு கருவியை ராஜபாளையத்துக்காரர்கள் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துகொள்வார்கள். 1948இல் இங்கிலாந்தின் பிரெண்டன் மூர், சாக்கடையில் காஸ் துணியைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டார். சில நாள் கழித்து எடுத்துச் சோதித்தால், ஓடும் தண்ணீரில் கைக்குச் சிக்காத கிருமிகள் துணியில் தங்கியிருந்தன. ஒரு குழியில் கிருமி கிடைத்தால் அடுத்த மேல்குழியில் துணியைக் கட்டுவது; அங்கும் கிடைத்தால் அதற்கும் மேலே. இப்படிக் கிளை கிளையாக ஏறினால் தெருவும், கடைசியில் வீடும் தெரிந்துவிடும். ‘மூர் சுருள்’ என்ற இந்த முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி அந்தக் காஸ் துணிக்கும் பேண்டேஜுக்கும் பெயர்பெற்ற ஊர். தறியிலும், மடிப்பதிலும், சுருட்டுவதிலும் பெண்கள் கை இருக்கிறது. உலகத்தின் புண்ணைக் கட்டும் துணி, உலகத்தின் சாக்கடையையும் துப்பறிந்திருக்கிறது.

ஆனால் நம் ஊர்களில் துணியைக் கட்டிவைத்து வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. எந்த வீட்டில் யாருக்குப் பேதி, எந்த வீட்டுக் குழந்தைக்குப் பூச்சி, எந்த வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு என்பதுவரை தெரிந்த பெண்கள் தினமும் விடியலில் பின்சந்து வழியாக வந்து போனார்கள். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலம் அது. சாம்பலைத் தூவி, தகரத்தால் வழித்து, வாளியிலோ கூடையிலோ சுமந்துபோய் வண்டியில் கொட்டியவர்கள் அவர்கள். பெரும்பாலும் அருந்ததியர் பெண்கள். தெருவின் முன்வாசலுக்கு அவர்கள் வர முடியாது. மார்கழி நீராட்டைப் பாடிய பெண்ணின் பெயரால் உலகம் அறிந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊரிலும் வேலை முடிந்து குளிப்பதற்கான தண்ணீர் அவர்களுக்கு எங்கே கிடைத்தது என்று ஊர் வரலாறு எழுதியவர்கள் கேட்டதில்லை.

ஊருக்குக் காலரா வந்தபோது அது எங்கிருந்து தொடங்கியது என்று அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால், ஒரு சோதனைக்கூடம் பல நாளில் சொல்வதை அவர்கள் ஒரு காலையில் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. மலம் யாருடையது என்ற கேள்வி சாதிச் சமூகத்தில் எழுவதே இல்லை. பெற்றவர்களுடையதாக அல்லாமல் எடுப்பவர்களுடையதாகவே அது ஆகிவிடுகிறது. தொட்டவள்தான் தீட்டு. ஊற்றுக்கண் மறைந்து, சுமப்பவளே ஊற்றுக்கண் ஆகிறாள்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. இன்னும் விரிவாக 2013இல் வந்தது. எடுப்புக் கக்கூஸ் குறைந்து செப்டிக் டேங்க்கும் பாதாளச் சாக்கடையும் வந்தபோது வேலை பெண்களின் கூடையிலிருந்து ஆண்களின் கயிற்றுக்கு மாறியது. குழிக்குள் இறங்கிய ஆண்கள் விஷவாயுவில் இறந்தார்கள். அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைபவர்கள் விதவைகள். விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டைக்காரரான திவ்யபாரதி 2017இல் வெளியிட்ட ‘கக்கூஸ்’ ஆவணப்படம், சட்டத்தில் இல்லாத வேலையைத் தமிழ்நாடு முழுக்க மனிதர்கள் செய்துகொண்டிருப்பதை முகத்துக்கு நேரே காட்டியது.

இதற்கிடையில் சோதனைக்கூடம் முன்னேறியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆன் பெர்னார்ட், காதரின் ஃபீல்ட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள், எஷரிச் காலத்திலிருந்து நின்றுபோயிருந்த கேள்விக்கு விடை சொன்னார்கள். குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் என்ற வகை பாக்டீரியாக்கள் மனிதருக்கு வேறு, மாட்டுக்கு வேறு. அவற்றின் மரபணுத் துண்டைத் தண்ணீரில் தேடினால், கலந்தது மனித மலமா, மாட்டுச் சாணமா என்று பிரித்துச் சொல்லலாம். சுற்றிலும் பால்பண்ணைகள் உள்ள டில்லமுக் விரிகுடாவை வைத்து அந்த ஆராய்ச்சி நடந்தது. இப்போது உலகம் முழுவதும் கடற்கரைகளில் இந்த வழியில்தான் தேடுகிறார்கள். பண்ணையைத் திருத்துவதா, சாக்கடையைத் திருத்துவதா என்று முடிவெடுக்க இது உதவுகிறது.

இந்தக் கருவி தேடுவது இனத்தை. இந்த மனிதரா அந்த மனிதரா என்பதை அல்ல. தனி மனிதரைத் தேடும் டி.என்.ஏ சோதனை வேறு. அந்தச் சோதனை நம் மண்ணில் மலத்தின்மீது நடந்த கதை நாம் அறிந்ததுதான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. குழந்தைகளுக்கு நோய் வந்த பிறகுதான் தொட்டிக்குள் ஏறிப் பார்த்தார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ சோதனைக்கு மாதிரி கொடுக்கச் சொல்லப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் இருந்தார்கள். 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த 3 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஊர்மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்கவில்லை; சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். வரலாறு படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது தேடல் போன திசையை. குடித்தவர்களின் உடலிலேயே ஊற்றுக்கண்ணைத் தேடும் பழக்கம் பிராட் தெருத் தாயிடமிருந்து நம்மிடம் வரைக்கும் தொடர்கிறது.

சிறிய அளவில் இது எல்லா ஊரிலும் நடக்கிறது. கண்மாய் அசிங்கமாகிவிட்டது என்று பேச்சு வந்தால் உடனே சொல்லப்படுவது, விடியலில் ‘காட்டுக்குப் போகும்’ பெண்களைப் பற்றி. திறந்தவெளியில் மலம் கழிப்பதை ஒழிக்கும் இயக்கங்களில் விசில் ஊதி விரட்டுவதும் படம் பிடிப்பதும் நாட்டின் பல பகுதிகளில் நடந்தன. இருட்டில் எழுந்து, வெளிச்சம் வருவதற்குள் திரும்பி, பகல் முழுக்க அடக்கிவைத்துக்கொள்ளும் பெண்ணின் உடல்தான் கண்ணில் படுகிறது. தண்ணீர் இணைப்பு இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பொதுக்கழிப்பறையும், செப்டிக் டேங்க்கின் நிரம்பல் குழாயை நேரே சாக்கடையில் விட்டிருக்கும் மாடிவீடும் கண்ணில் படுவதில்லை. செப்டிக் டேங்க் கழிவை எப்படி அகற்ற வேண்டும், எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2014இலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. லாரி ஓடைக்குப் போகிறதா, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது நகராட்சியின் வேலை.

வைப்பாறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் மாவட்டக் கரையோரம் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கடல்நீரில் என்ன கலந்திருந்தாலும் அது முதலில் படுவது இப்படி மணிக்கணக்கில் நீரில் நிற்கும் உடம்புகள்மீது. கண், தோல், வயிறு என்று நோவு வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அவர்களுடைய சுத்தத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். மேல்நோக்கி இருக்கும் ஊர்களைப் பற்றி இருக்காது.

ரிச்சர்ட்ஸின் வரைபடத்தில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அது உடலைத் தேடவில்லை. குழாயையும் குழியையும் தேடியது. வைப்பாற்றுக்கு அப்படி ஒரு வரைபடம் போட்டால், மலையடிவாரத்திலிருந்து சிப்பிகுளம் வரை ஒவ்வொரு கண்மாயிலும் அளந்து, எந்த ஊரைத் தாண்டும்போது அழுக்கு ஏறுகிறது என்று குறித்தால், அது பெரும் செலவான வேலை அல்ல. நம் கல்லூரிகளில் நுண்ணுயிரியலும் வேதியியலும் படிக்கும் பெண்கள் செய்யக்கூடிய வேலைதான். பின்சந்துகளில் வேலை பார்த்த மூதாட்டிகளிடம் கேட்டு, எந்தத் தெருவின் கழிவு எந்த வாய்க்காலில் விழுகிறது என்ற அவர்களுடைய அறிவையும் அந்த வரைபடத்தில் சேர்க்க வேண்டும், அவர்கள் பெயரோடு. வரைபடம் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய வாசல் எந்தப் பெண்ணுடைய வீடும் அல்ல. அது நகராட்சி அலுவலகம்.